பாயிரம் இல்லாத உழைப்பு

நன்னூலின் பாயிரப் பகுதியில் மூன்று நூற்பாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு நூலின் சிறப்பை எடுத்துச் சொல்ல உரியவர்கள் யார் என்று முதலாவது வரையறுக்கிறது. எவரும் காணாததைக் கண்டு, பல துறைகளில் கரைகண்டவனே ஆனாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது அடுத்தது. நான்கு இடங்களில் மட்டும் புலவன் தன்னைப் புகழ்ந்து பேசலாம் என்று இசைவு தருகிறது மூன்றாவது. பவணந்தி முனிவர் இதை எழுதியது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இன்று ஒரு பொறியாளரோ ஆய்வாளரோ வருவாய்த் துறை எழுத்தரோ மேலதிகாரியின் அறைக்குள் நுழையுமுன் மனத்துக்குள் எழுப்பிக்கொள்ளும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் தமிழில் கண்டதில்லை.

நான் செய்த வேலையை நானே எடுத்துச் சொல்லலாமா என்பதே அந்தக் கேள்வி. சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லாவிட்டால் வேலை கோப்புக்குள் கிடக்கும். வேலையே பேசும் என்று நம்பி வாய்மூடி இருந்தவரின் உழைப்பு, பேசத் தெரிந்த இன்னொருவர் பெயரில் மேலே போவதை எந்த அலுவலகமும் கண்டிருக்கும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் நெடிய வரலாற்றில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. தில்லையின் ஆயிரக்கால் மண்டபம் முதல் பிச்சாவரத்துச் சேற்று நிலம் வரை அந்த நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முறைமை தெரிகிறது. தன் பணியை மேலோர் முன் வைப்பது, அவர்கள் சரியாகத் தீர்மானிக்கத் தேவையானவற்றைக் கொடுக்கும் கடமை. அதை நேர்மை குன்றாமல் செய்யும் வழிகள் நம் மரபிலேயே இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

நன்னூல் வகுத்த நெறி

சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை எட்டு என்கிறது நன்னூல்: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வதும் உண்டு. இந்தப் பட்டியலில் புகழ்ச்சிக்கென்று ஓர் உறுப்பு ஒதுக்கப்படவில்லை. யார் செய்தது, யாருடைய பணியின் தொடர்ச்சி, எதுவரை செல்லும், எதைப் பற்றியது, யாருக்கானது, என்ன பயன் என்பவை ஒழுங்காகச் சொல்லப்பட்டால் தகுதியைக் கேட்பவரே எடைபோட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது.

பாயிரம் சொல்ல உரியவர்கள் நால்வர்: ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுந்த உரைகாரர். நால்வரும் அந்தப் பணியை உள்ளிருந்து அறிந்தவர்கள். ஒருவர் மேலிருந்து பார்த்தவர், ஒருவர் அருகிலிருந்து, ஒருவர் கீழிருந்து. நான்காமவர் நூலைத் தானே ஆராய்ந்து அறிந்தவர். இன்றைய பெருநிறுவனங்கள் ஓர் ஊழியரைப் பற்றி அவருடைய மேலாளரிடமும் சக ஊழியரிடமும் அவருக்குக் கீழே வேலை செய்பவரிடமும் கருத்துக் கேட்கும் மதிப்பீட்டு முறையைப் புதியதாகக் கருதுகின்றன. அதன் அடிப்படை அறிவு இந்த நூற்பாவில் இருக்கிறது.

தன்னைத் தானே புகழலாம் என்று விலக்கு அளிக்கப்பட்ட இடங்களும் நான்கு: அரசனது அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்தபோது. நான்குக்கும் பொதுவான ஒரு நிலை உண்டு. கேட்பவரிடம் செய்தி இல்லை, அல்லது தவறான செய்தி இருக்கிறது. அதைத் திருத்த வேறு வாயும் அங்கே இல்லை. அப்போது பேசாதிருப்பது அடக்கம் ஆகாது. முடிவெடுப்பவரை இருட்டில் விட்டுவிடுவதாகவே அது முடியும். எத்தனை விரிந்த நூலாக இருந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே ஆகாது என்று அடுத்த நூற்பா கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான்.

இந்த நெறிக்கு முன்மாதிரி தொல்காப்பியத்தின் பாயிரம். அதை எழுதியவர் பனம்பாரனார். தொல்காப்பியரோடு ஒருசாலையில் கற்றவர் என்பது மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் நூல் அரங்கேறியதையும், அதைக் கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான் என்பதையும் அவர் பதிவுசெய்கிறார். அதங்கோட்டாசான் இடந்தோறும் குற்றம் காட்டினார், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார் என்று நச்சினார்க்கினியர் உரை இந்தக் காட்சியை விரிக்கிறது. அரசன் தலைமை தாங்குகிறான், ஆராய்பவர் வேறொருவர். அதிகாரத்தின் ஒப்புதலையும் அறிவின் ஒப்புதலையும் ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்துவைத்த ஏற்பாடு அது. தன் வேலையை மேலிடத்துக்குக் கொண்டு போகிறவர்கள் பலர் முதலாவதை மட்டும் தேடி, இரண்டாவதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அவையில் கேள்வியைத் தாங்கி நின்ற பணிக்கே அவை கலைந்த பிறகும் மதிப்பு இருக்கும்.

தில்லையில் சேக்கிழார்

பெரியபுராணம் பிறந்த கதையை நமக்குத் தருவது சேக்கிழார் புராணம். சிதம்பரத்துக் கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார் இயற்றியது என்று கருதப்படும் நூல் அது. உமாபதியார் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இடைவெளி. ஆகவே இதை நேரில் கண்டவர் எழுதிய குறிப்பாகக் கொள்ள முடியாது. ஒரு பெரும்பணி அரசன் முன் எப்படி வைக்கப்பட வேண்டும் என்று தமிழ்ச் சமூகம் எண்ணியது என்பதற்கு இது முதல்தரமான சான்று.

தொண்டை நாட்டுக் குன்றத்தூரைச் சேர்ந்த சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கனின் (ஆட்சி 1133–1150) அமைச்சர். அநபாயன் என்று பெயர் பெற்ற அந்த அரசன் சீவக சிந்தாமணியில் தோய்ந்திருக்கிறான். இம்மைக்கும் மறுமைக்கும் பயன் தருவது அடியார் வரலாறே என்று அமைச்சர் எடுத்துச் சொல்கிறார். அது என்ன நூல், யார் செய்தது என்று அரசன் கேட்கிறான். சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையையும் அதை விரித்து நம்பியாண்டார் நம்பி பாடிய அந்தாதியையும் சேக்கிழார் விளக்குகிறார். அதைக் கேட்டபின், இவ்வரலாற்றை விரிவான காப்பியமாகச் செய்து தர வேண்டும் என்று கேட்பவன் அரசனே. வேண்டிய பொருளையும் தந்து தில்லைக்கு அனுப்புகிறான்.

இந்த வரிசையை ஊன்றிப் பார்க்க வேண்டும். சேக்கிழார் தன் புலமையிலிருந்து பேச்சைத் தொடங்கவில்லை. அரசனுக்கு எது வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார். பயன் முதலில் வந்தது. அடுத்து வழி: தனக்கு முன் இருவர் செய்ததைப் பெயர் சொல்லி வைத்தார். இது யாருடைய எண்ணம் என்ற ஐயம் அரசனுக்கு எழவே இடமில்லை. மூன்றாவதாக, வேலையைத் தனக்கு ஒதுக்கும்படி அவர் கேட்டதாகக் கதை சொல்லவில்லை. தேவையும் முன்வழியும் தெளிவானபோது, யார் செய்வது என்ற முடிவை அரசன் எடுத்தான். மேலிடத்தில் பேசப் போகும் பலர் இந்த மூன்றையும் தலைகீழாக அடுக்குகிறார்கள். தம் திறமை முதலில், முன்னோர் உழைப்பு விடுபட்டு, கேட்பவருக்கான பயன் கடைசித் தாளில்.

தில்லையில் முதற்சொல்லை இறைவனே அருளியதாகவும், ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து சேக்கிழார் பாடி முடித்ததாகவும் மரபு கூறுகிறது. அரசன் தில்லைக்கு வருகிறான். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் நிறைகிறது. ஓராண்டு முழுதும் அடியாரும் அந்தணரும் அறிஞரும் உட்கார்ந்து கேட்டார்கள். முடிவில் நூலையும் நூலாசிரியரையும் யானைமேல் ஏற்றி, அரசனே பின்னால் அமர்ந்து கவரி வீசினான் என்கிறது புராணம். தொண்டர்சீர் பரவுவார் என்ற பட்டமும் கிடைத்தது. நூல் பன்னிரண்டாம் திருமுறை ஆயிற்று.

சேக்கிழார் தன் நூலுக்குள் தன்னைப் பற்றிப் பேசும் இடம் அவையடக்கம். அடியார் பெருமை அளவிட்டுச் சொல்ல முடியாதது, ஆயினும் அடங்காத விருப்பம் உந்துவதால் சொல்லத் துணிந்தேன் என்ற கருத்தை அங்கே வைக்கிறார். பணியின் பெருமையையும் தன் எல்லையையும் ஒருசேரச் சொல்லும் முறை இது. அநபாயனையும் நூலின் பல இடங்களில் நினைவுகூர்கிறார். தில்லைப் பேரம்பலத்தைப் பொன்னால் வேய்ந்த அவனது செயலைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். அரசன் உண்மையில் செய்த திருப்பணி அது. வெறும் முகமன் மொழி அன்று. மேலே இருப்பவரின் நல்ல செயலைக் குறிப்பாகச் சொல்வதும், பொத்தாம்பொதுவாக முகத்துதி பாடுவதும் வெவ்வேறு. முதலாவது அவருடைய பணியையும் நம் பணியையும் ஒரே நோக்கத்தில் இணைக்கிறது. இரண்டாவது கேட்பவரின் ஐயத்தைத்தான் கிளப்பும்.

திறக்காத கதவுகள்

அரசனின் விருப்பமே போதாத இடமும் தில்லைதான். தேவார ஏடுகளை மீட்ட கதையில் இராசராச சோழனும், இன்றைய கடலூர் மாவட்டத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்கு வருகிறார்கள். ஏடுகள் உள்ள அறையைத் திறக்க, பாடிய மூவரும் வர வேண்டும் என்று தில்லைவாழ் அந்தணர் நிபந்தனை வைக்கிறார்கள். மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறார்கள். அறை திறக்கிறது, ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்திருக்கிறது. படைபலம் உள்ள அரசன்கூடக் கதவை உடைக்கவில்லை, வாயிலில் நின்றவர்களின் விதியை மதித்து அதற்குள்ளேயே வழி கண்டான் என்று இந்தக் கதை நமக்குச் சொல்கிறது. நிதிப் பிரிவு, சட்டப் பிரிவு, நேர்முக உதவியாளர் என்று ஒவ்வொரு தலைமைக்கும் முன்னால் வாயில்கள் உண்டு. அவற்றைச் சுற்றிக்கொண்டு போனவரின் பணி, அடுத்த முறை அதே வாயிலில் நின்றுபோகும்.

வாயிலில் காத்திருந்த இன்னொருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். தில்லையைக் காண ஏங்கிய நந்தனாரின் கதையை இசை நாடகமாக்கியவர். 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் நந்தனார் சரித்திரம் அச்சேறியது. அதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார் பாரதியார். இலக்கணப் பிழைகளைக் கண்ட பிள்ளை பாயிரம் தரத் தயங்கி நாள் கடத்தினார். பாரதியார் திரும்பத் திரும்ப வந்தார். ஒருநாள் பிள்ளை ஓய்வில் இருந்தபோது திண்ணையில் அமர்ந்து, தாம் இயற்றிய கீர்த்தனையைத் தமக்குள் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளையின் மனம் இளகியது, பாயிரம் கிடைத்தது. உ.வே.சாமிநாதையர் பதிவுசெய்து வைத்த செய்தி இது.

பிள்ளையின் முதல் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இலக்கணம் என்ற அளவுகோல் அவருடைய பொறுப்பு. ஆனால் அந்தப் படைப்பு ஏட்டில் படிப்பதற்கென்று பிறந்தது அல்ல. பாடிக் கேட்பதற்குப் பிறந்தது. பாரதியார் வாதாடி வென்றிருக்க முடியாது. படைப்பை அதற்குரிய வடிவில் கேட்கச் செய்ததும் மதிப்பீடு மாறியது. தன் பணியை மேலே கொண்டு செல்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. எண்களில் உயிர் இருக்கும் பணியை எண்களாகவும், பயன்பாட்டில் உயிர் இருக்கும் பணியைப் பயன்பாட்டிலும் காட்ட வேண்டும். பொருந்தாத வடிவில் வைக்கப்பட்ட நல்ல வேலையை நல்ல நடுவரும் தவறவிடுவார்.

பிறர் வாயின் அளவு

நன்னூல் சொன்ன நால்வரில் மாணவர் பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா? வடலூர் வள்ளலாரின் வரலாறு இதற்கு எச்சரிக்கையோடு விடை தருகிறது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள் தம் பாடல்களை அச்சிட எளிதில் இசையவில்லை. அன்பர்களின் இடைவிடாத வேண்டுதலுக்குப் பிறகே 1867-இல் திருவருட்பா வெளிவந்தது. தொகுத்து முறைப்படுத்தியவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். இராமலிங்கசாமி என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்பெயர் வேண்டாம் என்று அடிகள் அன்பருக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. நூலின் முகப்பிலோ திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெரும்பெயர் இடம்பெற்றது.

மாணவரின் அன்பை ஐயுற வேண்டியதில்லை. அந்தப் பாடல்கள் தமிழகம் முழுதும் சென்றதற்கு அவர் உழைப்பே காரணம். ஆனாலும் அருட்பா என்ற பெயரும் அந்தப் பட்டமும் எதிர்ப்பைக் கிளப்பின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்ற பெரும்புலவர் எதிர்த்து எழுதினார். 1869-இல் சிதம்பரத்தில் நடந்த பேச்சைத் தொடர்ந்து நாவலர் தொடுத்த வழக்கு, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. பாடல்களின் பொருளைப் பற்றி நடந்திருக்க வேண்டிய உரையாடலின் பெரும்பகுதி பெயரைப் பற்றியும் பட்டத்தைப் பற்றியும் நடந்து தீர்ந்தது. பிறர் நமக்காகப் பேசும்போதும் அளவு நம் பொறுப்பில் இருக்கிறது. எந்தச் சொல்லில் அறிமுகம் செய்யப்பட வேண்டும், எது கூடாது என்பதை வேலையைச் செய்தவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடிகள் அப்படித்தான் செய்தார். சொன்னதைக் கேட்பது பரிந்துரைப்பவரின் கடமை. மிகையான ஓர் அடைமொழி, பணியைச் சோதிக்க வந்தவரின் கவனத்தை அடைமொழியின் பக்கம் திருப்பிவிடும்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டை

கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டை, வேறொரு பாடத்தைத் தருகிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது தப்பி இங்கே வந்த எழுத்தர்களில் ஒருவர் இராபர்ட் கிளைவ். 1748-இல் இங்கு வந்து படையைப் பயிற்றுவித்த ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் அவரை அடையாளம் கண்டு மேலிடத்துக்குச் சொன்னார். பின்னாளில் கம்பெனியின் இயக்குநர்கள் வைரம் பதித்த வாளைக் கிளைவுக்குப் பரிசளிக்க முன்வந்தபோது, லாரன்சுக்கும் அதேபோல் செய்யாவிட்டால் ஏற்பதற்கில்லை என்றார் கிளைவ். தன்னை உருவாக்கியவரின் பெயரைத் தலைமையின் முன் வலியுறுத்திச் சொன்ன அந்தச் செயல் பாராட்டத்தக்கது. அதே மனிதர் வங்காளத்தில் குவித்த செல்வத்துக்காக 1773-இல் நாடாளுமன்ற விசாரணைக்கு உள்ளானார். தலைமை ஆறு மாதக் கடற்பயணத்துக்கு அப்பால் இருக்க, களத்தில் இருப்பவர் எழுதும் கடிதமே ஒரே செய்தியாக இருந்த காலம் அது. வெற்றிச் செய்தி மட்டும் மேலே போகும் அமைப்பு எந்த அநீதிக்கும் இடம் கொடுக்கும். எடுத்துரைத்தலும் தணிக்கையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பிச்சாவரம்: செய்து காட்டியது

நம் காலத்தில் இந்த வட்டாரம் தந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இருக்கிறது. காடு சுருங்கிக்கொண்டே வந்தது. உள்ளூர் மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்பது பரவலான கருத்து. 1990-களில் இங்கே பணியாற்றிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொரு காரணத்தைக் கண்டார்கள். முந்தைய காலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையாக வெட்டிய நிர்வாக முறையால், வெயில்பட்ட சேற்றுமண் நீரிழந்து அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய உப்புநீர் வடியாமல் தேங்கி, உப்பு மிகுந்து, கன்றுகள் பிழைக்கவில்லை.

இந்த முடிவு வனத் துறையின் பழைய நிர்வாகத்தையே காரணமாகச் சுட்டியது. அதை அந்தத் துறையிடமே சொல்லி, அதன் ஒத்துழைப்பையும் பெற வேண்டும். ஆய்வாளர்கள் குற்றப்பத்திரிகை எழுதவில்லை. இயற்கையான ஓடையிலிருந்து மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து போகும்படி செய்து, கரைகளில் கன்று நட்டு, சிறு பரப்பில் முதலில் செய்து காட்டினார்கள். வனத் துறையும் கிராம மக்களும் அந்தப் பணியில் பங்காளிகள் ஆனார்கள். 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2003-இல் வெளியிட்டார்கள். தலைமை ஏற்க விரும்பாத உண்மையை, தலைமையே உரிமை கொண்டாடக்கூடிய வெற்றியாக மாற்றிக் கொடுத்த பணி இது. உண்மை சிறிதும் மறைக்கப்படவில்லை. அது கால்வாயின் வடிவத்திலேயே இருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இதே கடற்கரை உலகின் கவனத்துக்கு வந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் இராஜேந்திரனும் 18 மீனவக் குப்பங்களை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினார்கள். கடலூர்க் கடற்கரையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்றின் கட்டுரையும் அதே ஆண்டு அக்டோபரில் சயன்ஸ் இதழில் வந்தது. முடிவெடுப்போருக்கு எளிதாகப் புரியும் செய்தி அது. மறு ஆண்டே கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அந்த 18 குப்பங்களின் தரவை மீண்டும் கணக்கிட்டு, குப்பத்தின் உயரமும் கடலிலிருந்து அதன் தூரமுமே வேறுபாட்டுக்குப் பெருங்காரணம், காட்டின் பங்கை இந்தத் தரவு நிறுவவில்லை என்று வாதிட்டார்கள். விவாதம் தொடர்ந்தது.

இதில் யாரையும் குறைத்துப் பேச இடமில்லை. பேரிடர் நடந்த சில மாதங்களில் களத்தில் இறங்கித் தரவைத் திரட்டி வெளியிட்டதால்தான் மறுகணக்கே சாத்தியமாயிற்று. ஆனால் ஆய்விலிருந்து அமைச்சரின் மேசைக்குப் போகும் வழியில் பாயிரத்தின் 'எல்லை' என்ற உறுப்பு உதிர்ந்துவிடும் ஆபத்தை இது காட்டுகிறது. காடு காக்கும் என்ற ஒற்றை வரியை நம்பி, தாழ்ந்த நிலத்தில் கடலை ஒட்டி ஒரு குடியிருப்பு எழுந்தால் விலை கொடுப்பவர்கள் மீனவக் குடும்பங்கள். எந்த அளவுக்குத் தெரியும், எது இன்னும் தெரியவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுவது பணியின் மதிப்பைக் குறைக்காது. அடுத்த முறையும் அந்த ஆய்வாளரின் பேச்சை நம்பலாம் என்ற உறுதியைத் தலைமைக்கு அதுதான் தருகிறது.

இன்றைய அவை

ஊழியரைப் பற்றி மேலதிகாரி இரகசியமாக எழுதும் குறிப்பேடு நீண்ட காலம் இந்திய அரசுப் பணியில் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானித்தது. எழுதப்பட்ட ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் தேவ்தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் மத்திய அரசு பழைய பெயரைக் கைவிட்டு, ஆண்டுப் பணித்திறன் மதிப்பீட்டு அறிக்கை என்று மாற்றி, முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்டச் சொன்னது. அதில் ஊழியர் தன் பணியைத் தானே விவரிக்கும் பகுதி உண்டு. நன்னூலின் முதல் விலக்கான அரசவை ஓலை இன்று ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊழியரும் எழுத வேண்டிய தாள் ஆகிவிட்டது. பலர் அதைச் சடங்காக நிரப்புகிறார்கள். எட்டு உறுப்புகளையும் மனத்தில் கொண்டு ஒரே பக்கத்தில் எழுதினால் போதும்: என்ன செய்தேன், யாருடைய வேலையைத் தொடர்ந்தேன், யார் உடன் உழைத்தார்கள், எந்த இடத்தில் பயன்பட்டது, எங்கே பயன்படாது, யாருக்கு என்ன மாறியது. எதைச் சாதித்தேன் என்ற வாக்கியத்துக்கு அருகில், அதைச் சரிபார்க்கும் வழியும் இருக்க வேண்டும்.

நாமே எழுதுவதோடு, நம் பணியை அறிந்த ஒருவர் பேசுவதற்கும் வழிசெய்ய வேண்டும். அதற்கு எளிய வழி, மற்றவர்களின் பணியைப் பற்றி நாம் பேசத் தொடங்குவது. கூட்டத்தில் சக ஊழியரின் பங்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழக்கம் வேரூன்றிய அலுவலகத்தில், தன்னைப் பற்றித் தானே உரக்கப் பேச வேண்டிய தேவை குறையும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. அதைத் தனி ஆளின் திறமையால் தீர்க்க முடியாது. சேக்கிழார் அமைச்சர், அரசனோடு பேசும் இடத்தில் ஏற்கனவே இருந்தவர். அவர் பாடிய அடியார்களில் ஒருவர் ஆதனூர் நந்தனார். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர். அவருடைய உழைப்பு கோயிலுக்குள் ஒலித்தது. அவர் வெளியே நின்றார். ஒப்பந்தத் தொழிலாளி கண்ட பழுதும், கள உதவியாளர் திரட்டிய தரவும், இளநிலை ஊழியர் எழுதிய வரைவும் இன்றும் பெரிய அரங்குகளுக்குள் அவர்கள் பெயரின்றி நுழைகின்றன.

ஏற்கனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேர்கிறது, சம அளவில் உழைத்த அறியப்படாதவருக்குச் சேர்வதில்லை என்று சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் 1968-இல் அறிவியல் உலகை ஆராய்ந்து எழுதினார். ஒரே மதிப்பெண் பெற்ற ஆணையும் பெண்ணையும் தம் செயல்திறனை வேலை தருபவருக்கு விவரிக்கச் சொன்னபோது, தாங்கள் பெற்ற மதிப்பெண் தெரிந்த நிலையிலும் பெண்கள் தம்மைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று எக்ஸ்லி, கெஸ்லர் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் துணிவைத் தகுதியின் அளவாகக் கொள்ளும் நிறுவனம் தகுதியை இழக்கும்.

ஆகவே இந்தக் கடமையில் பாதி தலைமையின் தோளில் இருக்கிறது. அநபாயன் ஓராண்டு உட்கார்ந்து கேட்டதாக மரபு சொல்வதன் பொருள், கேட்பதும் அரசின் வேலை என்பது. மாவட்ட ஆட்சியரோ துணைவேந்தரோ ஆலையின் பொது மேலாளரோ, தன் மேசைக்கு வரும் ஒவ்வொரு நல்ல அறிக்கையின் முன்னும் ஒரு கேள்வியை வழக்கமாக்கலாம்: இதில் யார் யார் உழைத்தார்கள், அவர்களில் ஒருவரையாவது இங்கே அழைத்துப் பேசச் சொல்ல முடியுமா? கீழே இருப்பவர் பாயிரம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர் அவையைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், நல்ல வேலை நடந்தும் நாட்டுக்குப் பயன்படாமல் போகும். உழைத்தவர் பேசாமல் போவதாலும் தலைமை கேளாமல் போவதாலும் வரும் இழப்பை இறுதியில் சுமப்பவர்கள் அந்த வேலையால் பயன்பெற்றிருக்க வேண்டிய மக்கள்தான்.